மன்னாப்பு மெக்கானிக்

பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதை எங்கள் பக்கத்தில் 'நன்மை வாங்குவது' என்று சொல்வோம். நன்மை வாங்க வரிசை கிளம்பும்போது கண்ணை மூடி ஜெபம் செய்ய வேண்டும் என்பது முறை. எனக்கு அந்த முறை படியவே இல்லை. இத்தனை வயதாகியும் கழுத்தைத் திருப்பி, வரிசையில் சேராமல் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் யார் யார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். என் மகள் தொடையில் கிள்ளுவாள். "யாரைம்மா தேடுற?" என்பாள். அவளிடம் சொன்னதில்லை. தேடுகிற ஆள் கிடைக்க மாட்டார் என்று எனக்கே தெரியும். தெரிந்தும் தேடுகிறேன். அவரை ஒரு தடவை பார்க்க அவ்வளவு ஆசை.

உத்திரமேரூரிலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரம் மிதித்தால் எங்கள் ஊர். பத்துப் பதினைந்து கிறிஸ்தவக் குடும்பம், ஓடு போட்ட ஒரு சின்னக் கோயில், மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் பூசை. சாமியார் மோட்டார் சைக்கிளில் வருவார். அவர் வராத ஞாயிறுகளில் உபதேசியார் ஜெபம் சொல்லி முடித்துவிடுவார். நான் சொல்ல வந்தவர் அந்தக் கோயிலைச் சேர்ந்தவர். சுற்று வட்டாரத்தில் எந்தக் கிணற்றில் ஆயில் இன்ஜின் நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஞானஸ்நானத்தில் அவருக்கு நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். ஊர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 'மன்னாப்பு மெக்கானிக்' என்று வேறொன்று வைத்துக்கொண்டது. எங்கள் பேச்சில் மன்னிப்புக்கு மன்னாப்பு.

காரணம் இல்லாமல் வைக்கவில்லை. அவருக்குக் கோபம் வரும். அப்படி இப்படி வராது, சுவரில் இருக்கும் பல்லி விழுகிற மாதிரி வரும். அவர் எட்டாம் நம்பர் ஸ்பேனர் கேட்க, யாராவது பத்தாம் நம்பரை நீட்டிவிட்டால் போதும். "கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று ஆரம்பித்து, நீட்டியவனுடைய அப்பன், பாட்டன், அவன் வாங்கிய இன்ஜின், அதை விற்றவன் எல்லாரையும் ஒரு சுற்று சுற்றி வருவார். இன்ஜின் ஓட ஆரம்பித்த சத்தத்தில்தான் அவர் சத்தம் அடங்கும்.

பூசை ஞாயிறு காலையில் அதே மனிதர் வேறு ஆளாக வருவார். மண்ணெண்ணெய் போட்டு விரல் விரலாகத் தேய்த்து, அதன் மேல் பார் சோப்பும் போட்டுக் கழுவியிருப்பார். நக இடுக்கில் இருக்கும் கருப்பு அப்போதும் போகாது. வெள்ளைச் சட்டை. சைக்கிளை வீடு வீடாக நிறுத்தி, இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கூப்பிடுவார்.

"அண்ணாத்த, செவ்வாக்கெயம வாய வுட்டுட்டேன். மன்னாப்பு குடு."

"போவட்டும் வுடு."

"மனசார சொல்றியா?"

"போவட்டும் வுடுன்றேன்ல. போய் பூசைய பாரு."

அடுத்த வீடு. இரண்டு வாரத்துச் சண்டை சேர்ந்திருக்கும் என்பதால் சில ஞாயிறுகளில் பூசை மணி அடித்த பிறகும் அவர் சைக்கிள் தெருவில் இருக்கும். அவருக்கு ஒரே ஒரு கணக்குதான். யாருக்குத் தப்பு செய்தோமோ அவர் வாயால் 'போவட்டும்' வர வேண்டும், வந்த பிறகுதான் நன்மை வாங்க வேண்டும். வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பார். இருக்கத்தான் இருக்கிறது. வேறு யாரும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை.

ஊருக்கு இது நல்ல வேடிக்கை. ஒருமுறை பஸ் கண்டக்டரோடு மீதிச் சில்லறைக்குச் சண்டை போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் அந்த ஆளை வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்களாம். இவர் காஞ்சிபுரம் போய், அங்கிருந்து தாமல் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, ஆளைப் பிடித்து, ஓடுகிற பஸ்ஸிலேயே கேட்டிருக்கிறார். கண்டக்டர் பயந்துபோய் டிக்கெட்டுக்குக் காசே வாங்கவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்கள். இன்னொரு முறை எங்கள் பக்கத்து வயல்காரருடைய ஆட்டின் மேல் ஸ்பேனரை விட்டெறிந்துவிட்டார். போய் மன்னாப்பு கேட்டதற்கு ஆட்டுக்காரர், "அடி வாங்குனது நானா? ஆட்டுகிட்ட கேளு" என்றார் கிண்டலாக. இவர் குனிந்து ஆட்டிடம் கேட்டார். நான் பார்த்தேன். ஆடு தழையை மென்றுகொண்டிருந்தது. கிண்டல் செய்தவர் முகம்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவர் மனைவிக்குத்தான் பேஜார். "ஊரெல்லாம் போயி கேக்கறதுக்கு ஒரு நாளு கோவப்படாம இருந்து பாரேன்" என்பார் அந்த அம்மா.

"அதான் வரமாட்டேங்குதே" என்பார் இவர், குழந்தை மாதிரி.

என் அப்பாவை அவர் அண்ணாத்த என்று கூப்பிடுவதால் எனக்கு அவர் சித்தப்பா. சொந்தமெல்லாம் இல்லை, ஊர் முறை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் கிணற்றில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். நான் ஓடுகிற பெல்ட்டின் அருகில் பாவாடையோடு போய் நின்றுவிட்டேன். "எட்டப் போ சனியனே!" என்று ஒரு கத்தல். வீட்டுக்கு ஓடி வந்து அழுதேன். அடுத்த பூசை ஞாயிறு எங்கள் வாசலில் சைக்கிள் நின்றது. அப்பா எழுந்து வெளியே போனார். "ஒன்னாண்ட இல்ல அண்ணாத்த. பாப்பாவ கூப்புடு" என்றார். நான் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றேன்.

"பாப்பா, நீ பெல்ட்டுல மாட்டிக்கினா இன்னா ஆவுறதுன்னு பயந்துட்டேன். ஆனா சனியன்னது தப்பு. மன்னாப்பு குடும்மா."

பெரியவர்கள் யாரும் என்னிடம் அதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. "போவட்டும் வுடு சித்தப்பா" என்றேன், பெரிய மனுஷி மாதிரி. அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் ஒரு சாண் வளர்ந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவரை எனக்குப் பிடித்துப்போனது அதிலிருந்துதான்.

இனி அந்த நாசில் கதைக்கு வர வேண்டும். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. தவக்காலம். ஏரி வற்றிப் போய், நவரை நெல்லுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் கதி. அதற்குச் சில வாரம் முன்பு அப்பா யாரோ சொன்னார்கள் என்று காஞ்சிபுரத்திலிருந்து வேறொரு மெக்கானிக்கை வரவழைத்து இன்ஜினைக் காட்டியிருந்தார். அந்த ஆள் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இத்த யாருங்க வேல பாத்தது? மாட்டுக்கு லாடம் அடிக்கிறவனா?" என்று கேட்டிருக்கிறான். அப்பா அதை டீக்கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். சொல்லிச் சிரிக்கத்தான் சிரித்தார், கெட்ட எண்ணம் இல்லை. சாயங்காலத்துக்குள் அது சித்தப்பா காதுக்குப் போய்விட்டது.

நெல் பால் பிடிக்கிற வாரத்தில் இன்ஜின் நின்றது. அப்பாவே நேரில் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் அன்றைக்குக் கத்தவில்லை. எனக்கு அதுவே விநோதமாக இருந்தது. இன்ஜினைக் கழற்றி, டீசலைப் பீய்ச்சி அடிக்கிற அந்த விரல் நீளச் சாமானை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நாசில் பூட்ச்சி. புதுசுதான் போடணும். எங்கிட்ட இல்ல. காஞ்சிவரத்துல கேட்டுப் பாரு."

"இன்னும் ரெண்டே தண்ணிடா. ரெண்டு தண்ணி வுட்டா கரை ஏறிடுவேன். எங்கனா தேடிப் பாரேன்" என்று அப்பா கேட்டார். அப்பா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இல்லன்னா இல்ல அண்ணாத்த."

காஞ்சிபுரத்துக் கடையில் மெட்ராஸிலிருந்து வர வேண்டும் என்றார்கள். வர ஒன்பது நாள் ஆயிற்று. பக்கத்துக் கிணற்றுக்காரர் இரக்கப்பட்டு விட்ட ஒரு பொழுது தண்ணீர் பாதி வயலுக்குக் கூட எட்டவில்லை. கதிர் எல்லாம் பதராகி நின்றது. அப்பா அதை அறுத்து மாட்டுக்குப் போட்டார். அம்மா வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.

அதற்கு அடுத்த பூசை ஞாயிறு சித்தப்பா வந்தார். முதல் முறையாகச் சைக்கிளை விட்டு இறங்கி, ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தார். கையில் மெழுகுக் காகிதம் சுற்றிய ஒரு நாசில்.

"அண்ணாத்த, இது அன்னிக்கே என் பொட்டியில இருந்துச்சி. லாடம் அடிக்கிறவன்னு சொல்லிச் சிரிச்சியாமே, அந்தக் கோவத்துல இல்லன்னு பொய் சொல்லிட்டேன். நீ ரெண்டு நாளு அலையட்டும், அப்பால குடுக்கலாம்னு நெனச்சேன். மூணாம் நாளு குடுக்க வெக்கமா பூட்ச்சி. பயிரு காஞ்சி பூட்ச்சி. மன்னாப்பு குடு."

சொல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்கு ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது. அன்றைக்கு யாரும் அதை நினைக்கவில்லை. அப்பா நாசிலை வாங்கிப் பார்த்தார். குப்பை மேட்டில் வீசினார். தீனி என்று நினைத்து எங்கள் கோழிகள் அதைச் சுற்றிக்கொண்டன.

"போ" என்றார் அப்பா. 'போவட்டும்' என்று சொல்லவில்லை.

என் அப்பா நல்லவர். அவரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குடி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, கோயிலில் முதல் வரிசை, வீட்டில் சாயங்கால ஜெபமாலை. எவ்வளவு நல்லவரோ அவ்வளவு வீம்பு. அம்மா ஒரு நாள் கேட்டாள், "ஒரு வார்த்தைதான? சொல்லிட்டா இன்னா கொறஞ்சி பூடும்?" என்று. "காஞ்ச பயிருகிட்ட போயி கேக்கச் சொல்லு" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

அந்த நாளிலிருந்து சித்தப்பா நன்மை வாங்குவதை நிறுத்திவிட்டார். கோயிலுக்கு வருவார். ஆண்கள் பக்கத்தில் கடைசியில், செருப்புகள் கிடக்கும் வாசல் ஓரமாக உட்காருவார். எல்லாரும் எழுந்து போகும்போது அவர் முழங்காலில் நிற்பார். சாமியார் ஒவ்வொருவர் நாக்கிலும் அப்பத்தை வைக்கும்போது அவர் வாயும் கொஞ்சம் திறக்கும். அவருக்கே அது தெரிந்திருக்காது. பசியோடு இருப்பவர் அடுத்தவர் இலையைப் பார்க்கிற பார்வை அது. நான் பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

சாமியார் திருச்சிப் பக்கத்துக்காரர். ஒரு நாள் பூசை முடிந்து வெளியே வைத்துக் கேட்டுவிட்டார். ஒருவர் தன் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் வெளியே பேசக் கூடாது. ஆனால் இவரே ஊருக்கெல்லாம் சொல்லியிருந்ததால் மறைக்க ஒன்றும் இல்லை.

"ஆண்டவர் மன்னிச்சாச்சு. நானும் அவர் பேரால சொல்லியாச்சு. இன்னும் ஏன்யா பின்னால உக்காந்திருக்கீங்க?"

"ஆண்டவரு மன்னிச்சிட்டாரு சாமி, நா இல்லங்கல. ஆனா காஞ்சது அவுரு பயிரா? அண்ணாத்த பயிராச்சே. அவுரு ஒரு வார்த்த சொல்லட்டும், ஓடியாந்துடறேன்."

சாமியார் அப்பாவிடமும் பேசிப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தபடி "ஆவட்டும் சாமி" என்றார். ஆகவில்லை. பரலோக மந்திரம் சொல்லும்போது, பிறர் குற்றத்தை நாங்கள் பொறுப்பது போல என்று வரும் இடத்தில் அப்பாவுக்குத் தவறாமல் இருமல் வரும். அது முடிந்ததும் குரல் கணீரென்று வந்துவிடும். நான் அதைக் கவனித்தேன் என்று அவருக்குத் தெரியாது.

ஒவ்வொரு பூசை ஞாயிறும் சித்தப்பா எங்கள் வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார். அப்பா பல் தேய்த்துக்கொண்டு வெளியே வருவார், பார்ப்பார், உள்ளே போய்விடுவார். இவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார். ஆறு வருடம் இப்படி நடந்தது.

இதில் இன்னொன்றும் நடந்தது. அவருக்குக் கோபம் நின்றுவிட்டது. முதலில் யாரும் நம்பவில்லை. வேண்டுமென்றே தப்பான ஸ்பேனரை நீட்டிப் பார்த்தார்கள். வாங்கிப் பார்த்துவிட்டு, "இது இல்லபா" என்று திருப்பிக் கொடுத்தார். ஆத்திரம் கழுத்து நரம்பு வரைக்கும் வருவது தெரியும். நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்குவார், அது இறங்கிவிடும். பாவத்தை விட்டுத் திரும்புவது என்று பிரசங்கத்தில் சொல்வார்களே, நான் கண்ணால் பார்த்தது அவர் கழுத்து நரம்பில்தான். ஊருக்கு அவர் சத்தம் இல்லாமல் வெறிச்சென்று ஆகிவிட்டது. "கத்தித் தொலயேன்யா" என்று அவர் மனைவியே ஒரு நாள் சொன்னாராம்.

எனக்குப் பத்தொன்பது வயது. குருத்து ஞாயிறு காலை. வைக்கோல் போர் அருகில் அவர் வழக்கம் போல நின்றார். அப்பா வழக்கம் போலப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். நான் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஆறு வருடத்தில் ஒரு நாளும் என்னிடம் கேட்காதவர் அன்றைக்குக் கேட்டார்.

"பாப்பா, நைனா எதுனா சொன்னாராம்மா?"

அவர் தலை நன்றாக நரைத்திருந்தது. கை விரல் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தது. ஆறு வருடமாக ஒவ்வொரு பூசை ஞாயிறும் வாங்காத அப்பத்துக்காகக் கை கழுவிக்கொண்டு வருகிற மனிதர். எனக்குத் தாங்கவில்லை.

"சொன்னாரு சித்தப்பா. போவட்டும்னு சொல்லிட்டாரு. ஒங்களாண்ட நேர்ல சொல்ல அவருக்குக் கூச்சம்."

"மெய்யாலுமா பாப்பா?"

"மெய்யாலும்."

அவர் எங்கள் தொட்டியில் கையை இன்னொரு தடவை கழுவினார். சைக்கிளை மறந்துவிட்டு நடந்தே கோயிலுக்குப் போனார்.

நன்மை வாங்குகிற வரிசையில் அவர் கடைசி ஆளாக எழுந்து நின்றதும் கோயிலே திரும்பியது. சாமியார் கை ஒரு நொடி நின்றது, பிறகு அப்பத்தை வைத்தது. வாயை மூடிக்கொண்டு அவர் அழுதார். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. முதல் வரிசையில் அப்பாவின் முதுகு விறைத்துப் போனதையும் பார்த்தேன்.

வெளியே எல்லாரும் குருத்தோலையோடு நின்றுகொண்டிருந்தோம். அப்பா நேரே அவரிடம் போனார்.

"நான் சொல்லாம எப்பிட்றா போன? யாரு சொன்னா ஒனக்கு?"

சித்தப்பாவுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. அவர் கண் என்னிடம் வந்தது. நான் ஓலையைப் பிய்த்துக்கொண்டு நின்றேன். நான் ஒரு அடி முன்னால் வைத்து, 'நான்தான் நைனா' என்று சொல்லியிருக்க வேண்டும். அரை நிமிடம் நேரம் இருந்தது.

"யாரும் சொல்லல அண்ணாத்த. நானாதான் போய்ட்டேன்."

"அப்ப மறுபடியும் பொய்யா? ஒனக்கு அது பயகிப் போச்சி."

ஊரே கேட்டது. "ஆமா அண்ணாத்த" என்றார் அவர். என்னைப் பார்க்காமல் நடந்து போய்விட்டார். சாயங்காலம் அவர் மனைவி வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த வாரத்தில் அவர்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். செங்கல்பட்டுப் பக்கம் மகள் வீட்டுக்கு. போகும் முன் எல்லா வீட்டுக்கும் போய் மன்னாப்பு கேட்டுக்கொண்டாராம். எங்கள் தெரு முனை வரைக்கும் சைக்கிள் வந்தது. ஜன்னலில் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றார், திருப்பினார். வெளியே ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். அடுப்பில் சோறு இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்பாவிடம் சொன்னது சம்பா நாற்று நடுகிற சமயத்தில். இன்ஜின் மக்கர் செய்தது. அப்பா ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றிக் களைத்துப்போய், "அவன் இருந்தா சத்தத்த கேட்டே சொல்லிடுவான்" என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டார். எனக்குள் இருந்தது உடைந்துகொண்டு வந்தது.

"நைனா, அன்னிக்கி நான்தான் சொன்னேன். நீ மன்னிச்சிட்டன்னு நான்தான் அவராண்ட பொய் சொன்னேன்."

அப்பா என்னை அடிக்கவில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்தார். சேறே இல்லாத காலை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தார். அடுத்த பூசை ஞாயிறு நன்மை வாங்குகிற நேரத்தில் அவர் முதல் வரிசையிலிருந்து எழுந்திருக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். அதற்கடுத்த பூசைக்கும் எழுந்திருக்கவில்லை. கிளம்பிப் போய் அவரைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பது தெரியும். நடவு முடியட்டும், களை முடியட்டும் என்று அந்தப் பாழாய்ப் போன வீம்பு தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தது.

தவக்காலம் மறுபடி வந்தது. உபதேசியார் ஒரு ஞாயிறு ஜெபம் முடிந்ததும் சொன்னார், செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்திருக்கிறார்கள், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று. அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கூட மாற்றவில்லை. "கெளம்பு" என்றார் என்னிடம்.

பஸ் பாதி தூரம் போயிருந்தது. அப்பா சொன்னார்: "ஒன்னுத நீ சொல்லிக்கோ. என்னுத நான் சொல்லிக்கறேன். ஒன்னுத நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லிடறேன் நைனா" என்றேன்.

நீளமான வார்டு. கடைசிக் கட்டிலில் இருந்தார். பாதியாக இளைத்திருந்தார். மகள் விசிறிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, இவ்ளோ தூரம்? நாஷ்டா துன்னியா?"

அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பயிரு காஞ்சது போவட்டும். அது ஒரு போகம். நான் ஒன்ன ஆறு வருசம் காய வெச்சேன். நீ பின்னால உக்காந்துக்கினு இருந்த, நான் முன்னால போயி நாக்க நீட்டினேன். ஊருல வெச்சி பொய்யன்னும் சொன்னேன். நீதான் எனக்கு மன்னாப்பு குடுக்கணும்."

"அய்ய, போவட்டும் வுடு அண்ணாத்த" என்றார் அவர், உடனே, மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்து. "இதுக்கா வெயில்ல வந்த?"

என் அப்பா ஆறு வருடம் பூட்டி வைத்திருந்ததை அவர் ஒரு மூச்சில் எடுத்துக் கொடுத்துவிட்டார். அப்பா அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க அழுதார். பக்கத்துக் கட்டில்காரர் சாத்துக்குடி ஒன்றை உரித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் எங்கள் இன்ஜினைப் பற்றிப் பேசினார்கள், புகை கருப்பாக வருகிறதா, வெள்ளையாக வருகிறதா என்று.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு வரும் சாமியாரிடம் அவர் நன்மை வாங்கிக்கொண்டார். கையைக் கழுவிவிடச் சொல்லி மகளிடம் மண்ணெண்ணெய் கேட்டாராம். இரண்டு நாளில் போய்விட்டார். இதெல்லாம் மகள் பிறகு சொன்னது.

அன்றைக்கு நாங்கள் கிளம்பும்போது அப்பா மகளோடு பேசிக்கொண்டே முன்னால் வாசலுக்குப் போய்விட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு கட்டிலின் அருகில் நின்றேன். வார்டில் அப்பா அழுததை வேடிக்கை பார்த்தவர்கள் இன்னும் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். எனக்காகக் கதவைத் திறந்து வைத்த மாதிரி கேட்டார்.

"பாப்பா, இன்னாமா? எதுனா சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்ல சித்தப்பா" என்றேன்.

அவர் அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் வரும் என்பது போல. நான் பையின் காதைத் திருகிக்கொண்டு நின்றேன். "நாலு மணி பஸ்ஸ வுட்டா அப்பால ஆறு மணிக்குத்தாம்மா. ஜல்தி போங்க" என்றார்.

நாலு மணி பஸ் கிடைத்தது. அப்பா ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார், ஆறு வருடத் தூக்கம். நான் உத்திரமேரூர் வரைக்கும் உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். பொய் சொன்னது நான்தான் சித்தப்பா, நீங்க திட்டு வாங்குறப்ப பாத்துக்கினு நின்னதும் நான்தான், மன்னாப்பு குடுங்க என்று. ஒரு வார்த்தை பிசகாமல் வந்தது. கேட்க வேண்டியவர்தான் அந்தப் பஸ்ஸில் இல்லை.